குளிரில் கறுத்த முகம்



கொடைக்கானலில் டிசம்பர் மாதம் எப்படியிருக்கும் என்பது அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். நண்பகலில்கூட ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. அப்படிப்பட்ட ஊரில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த என் அண்ணன் மகளுக்கு மூன்றாம் நாள் காலையில் மூக்கின் மேல்தோல் பொரிந்து உரிந்தது. கன்னங்கள் இரண்டும் கறுத்திருந்தன. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் வந்து கேட்டாள்: “சித்தப்பா, அங்கே வெயிலே சுடலியே. அப்புறம் எப்படிக் கறுத்தேன்?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இக்கட்டுரை. ஆனால் கேள்வியைக் கேட்டவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அது அரையாண்டு விடுமுறை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் வாழும் என் தங்கை, தன் மகனுடன் வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்கு வயது 11. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவதென்றாலும் அகன்ற விளிம்புள்ள தொப்பியைத் தேடுவான். முகத்திலும் கழுத்திலும் வெள்ளைக் களிம்பைத் தடவிக்கொள்வான். “தொப்பி இல்லேன்னா எங்க ஸ்கூல்ல விளையாட விடமாட்டாங்க மாமா” என்பான். என் தாயாருக்கு இது வேடிக்கையாக இருக்கும். “ஏண்டா, நீ என்ன கல்யாணப் பொண்ணா, மூஞ்சிக்கு மாவு பூசிக்கிட்டுத் திரியுறே?” என்பார்.

அண்ணன் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டி வரை போனவள். அவளும் வெயிலைக் கண்டால் ஒதுங்குகிறவள்தான். பகலில் வெளியே போனால் குடை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் வெயில் ஆகாது. ஆனால் காரணம் வேறு. அவனுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்ற பயம். இவளுக்குக் கறுத்துவிடுவோம் என்ற பயம்.

கொடைக்கானலுக்குப் புறப்பட்டபோது அவள் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டாள். “அங்கேதான் குளிருமே!” படகுத்துறை, சைக்கிள், கோக்கர்ஸ் வாக், சூரிய ஆய்வுக்கூடம் என்று இரண்டு நாளும் திறந்த முகத்தோடு சுற்றினாள். பையன் அங்கேயும் தொப்பியைக் கழற்றவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் போனபடியே இருந்தது. இவள் முகத்தைப் பார்த்த அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஸ்கூல் திறந்ததும் பேரை வெட்டிட்டு வா. கருவாடு மாதிரி ஆயிட்டே” என்று சொல்லிவிட்டார். கொடைக்கானலில் கறுத்ததற்குத் தண்டனை, பள்ளி மைதானத்துக்கு! இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் முதலில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் அன்றோ?

தெர்மாமீட்டருக்குத் தெரியாத கதிர்

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் ஊதா முதல் சிவப்பு வரை நிறமாலை விழுகிறது என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். 1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் அந்த நிறமாலையில் தெர்மாமீட்டர்களை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் மிகுதியாக ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் 1801-இல் முயன்றார். அவர் பயன்படுத்தியது தெர்மாமீட்டர் அன்று. ஒளி பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடு. ஊதா நிறத்தில் வைத்தபோது கறுத்தது. ஊதாவுக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில் வைத்தபோது இன்னும் வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் இவ்வாறுதான் முதன்முதலில் அகப்பட்டது. தெர்மாமீட்டரால் பிடிபடாமல், ஒரு பொருளைக் கறுக்கச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்த கதிர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையை அடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்புக் கதிர். மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகும் ஒளி. புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமே. ஆகவே நம் தோலில் உறைக்கும் ‘சூடு’ என்பது புற ஊதாவின் வேலையே இல்லை. புற ஊதா முழுவதையும் நீக்கிவிட்டாலும் வெயில் கிட்டத்தட்ட அதே சூட்டோடுதான் இருக்கும்.

இப்போது கொடைக்கானலுக்கு வருவோம். அது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் என்பது சராசரிக் கணக்கு. ஆனால் அதே உயரத்தில், தலைக்கு மேலே புற ஊதாவைச் சிதறடிக்கவும் உறிஞ்சவும் உள்ள காற்று குறைந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதா 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. அப்படியானால் வத்தலக்குண்டைவிடக் கொடைக்கானலில் புற ஊதா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், வெப்பமோ குறைவு. வெப்பத்தைப் பார்த்துக் குடை பிடிக்கிறவர் சமவெளியில் பிடித்துவிட்டு மலையில் மடக்கிவிடுவார். என் அண்ணன் மகள் செய்தது அதுதான்.

சமவெளியிலும் இந்த ஏமாற்று உண்டு. ஒரு நாளின் உச்ச வெப்பம் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு வருகிறது. தரை சூடேறிக் காற்றைச் சூடாக்க நேரம் பிடிக்கிறது. புற ஊதாவின் உச்சமோ சூரியன் உச்சிக்கு வரும்போதே, நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 12-15 மணிக்கே, வந்துவிடுகிறது. மெல்லிய மேகம் மூடிய நாளிலும் புற ஊதாவில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். ‘இன்னிக்கு மப்பா இருக்கு’ என்று நாம் வெளியே சுற்றுவோம்.

இரண்டு கைகள், ஒரு கறுப்புத் துணி

வெயிலில் தோல் கன்றுவதற்குச் சூடுதான் காரணம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இங்கிலாந்தில் எவரார்டு ஹோம் என்ற அறுவை மருத்துவர் 1820-இல் ஓர் எளிய சோதனை செய்தார். தம் கைகளில் ஒன்றை வெறுமனே வெயிலில் காட்டினார். மற்றதைக் கறுப்புத் துணியால் மூடிக் காட்டினார். கறுப்புத் துணி வெப்பத்தை நன்கு உறிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன்படியே துணிக்கு அடியில் இருந்த தெர்மாமீட்டர் கூடுதலாகக் காட்டியது. ஆனால் கன்றியது வெறும் கைதான்! சூடு மிகுந்த கைக்கு ஒன்றும் நேரவில்லை. கறுப்புத் தோல் கொண்ட மக்கள் வெயில் நாடுகளில் எப்படித் தாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடியே அவர் இச்சோதனையைச் செய்தார்; வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சினாலும் கறுப்பு ஒரு காப்பு என்பதே அவர் கண்ட முடிவு. இதைவிடச் செலவு குறைந்த நல்ல சோதனையை நான் அதிகம் படித்ததில்லை. 1889-இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் விட்மார்க், வில் விளக்கின் ஒளியிலிருந்து வெப்பக் கதிரையும் புற ஊதாக் கதிரையும் பிரித்துச் சோதித்து, தோலைக் கன்றச் செய்வது புற ஊதாவே என்று உறுதிசெய்தார்.

5 சதவீதமே உள்ள கதிர் இவ்வளவு வேலை செய்வது எப்படி? இதற்கு ஃபோட்டானைக் கேட்க வேண்டும். ஒளி தன் ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகத் தருகிறது. ஒரு பொட்டலத்தின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 1.8 வருகிறது. 300 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 4.1. சன்னல் கண்ணாடியின் மேல் கைகையாக மணலை வாரி எறியுங்கள். நாள் முழுதும் எறிந்தாலும் கண்ணாடி உடையாது. ஒரே ஒரு கூழாங்கல் போதும். மொத்த எடை எவ்வளவு என்பது இங்கே கணக்கில்லை. ஒவ்வோர் அடியின் வலுவே கணக்கு. தோல் செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழையில் தைமின் என்ற இரு மூலக்கூறுகள் அடுத்தடுத்து நின்றால், ஒரு புற ஊதா ஃபோட்டான் அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்த இடத்தில் எழுத்து சிதைகிறது. அகச்சிவப்பு ஃபோட்டான்கள் எத்தனை கோடி வந்தாலும் செல்லைச் சூடாக்குமே தவிர இதைச் செய்ய அவற்றுக்கு வலு போதாது.

சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை உடனே பின்வாங்குகிறது. புற ஊதாவுக்கு அத்தகைய எச்சரிக்கை மணி நம் உடலில் இல்லை. சிவப்பும் எரிச்சலும் சில மணி நேரம் கழித்தே வரும்; அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டிருப்போம்.

புற ஊதாவையே மூன்றாகப் பிரிப்பது வழக்கம். 280 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ‘சி’ வகையை வளிமண்டலம், சிறப்பாக ஓசோன் படலம், முழுவதும் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 வரையுள்ள ‘பி’ வகையில் பெரும்பகுதி தடுக்கப்பட்டு எஞ்சியதே நம்மை அடைகிறது. தோலைக் கன்றச் செய்வதில் முதற்பங்கு இதற்கே. 315 முதல் 400 வரையுள்ள ‘ஏ’ வகை தரைக்கு வரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம். இது தோலில் ஆழமாக இறங்கி நாளடைவில் சுருக்கத்தை உண்டாக்குகிறது. பேருந்தின் சன்னல் கண்ணாடி ‘பி’யை நிறுத்தும், ‘ஏ’யில் ஒரு நல்ல பகுதியை உள்ளே விட்டுவிடும்.

கறுப்பது எதற்காக?

செல் சும்மா இருப்பதில்லை. சிதைந்த டி.என்.ஏ.வை வெட்டிச் சீர்செய்யும் நொதிகள் உண்டு. பெரும்பாலான சிதைவுகள் அவ்வாறே சரியாகிவிடுகின்றன. அதோடு, டி.என்.ஏ. சிதைந்ததை உணரும் பி-53 என்ற புரதம் மற்றொரு கட்டளையையும் பிறப்பிக்கிறது என்பதை 2007-இல் கண்டறிந்தனர். அக்கட்டளை மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்களைச் சென்றடைகிறது. அவை மெலனினை மிகுதியாகச் செய்து அண்டையிலுள்ள தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அந்த மெலனின் மணிகள் எங்கே போய் அமர்கின்றன தெரியுமா? உட்கருவின் மேல்புறத்தில், வானத்தைப் பார்த்த பக்கத்தில், ஒரு குல்லாய்போல! நுண்ணோக்கியில் இதைக் காணலாம். ஒவ்வொரு செல்லும் தன் டி.என்.ஏ.வுக்கு மேலே கறுப்புக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹோமின் கறுப்புத் துணியும் அதே வேலையைத்தான் செய்தது.

வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் மணிகளின் அளவிலும் மிகுதியிலும் வகையிலும்தான் வேறுபாடு. மிகக் கறுத்த மேல்தோல், கன்றச்செய்யும் கதிரில் ஏறத்தாழ 13-இல் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது. வெள்ளைத் தோல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை விட்டுவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறோம்.

ஆகவே என் அண்ணன் மகளின் கன்னத்தில் தோன்றிய கறுப்பு, அடிபட்ட பின் விரிக்கப்பட்ட குடை. அதைக் கண்டு வருந்துவதானால் அடிபட்டதற்கு வருந்தலாம். குடை விரிந்ததற்கு வருந்துவது வேடிக்கை.

கறுக்க ஆசைப்பட்டவர்கள்

இங்கே ஐரோப்பாவின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு காலத்தில் வெயிலில் கறுத்த முகம் என்றால் வயலில் உழைப்பவன் என்று பொருள். சீமாட்டிகள் குடையும் கையுறையும் இல்லாமல் வெளியே வரமாட்டார்கள். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. உழைப்பாளிகள் புகை மூடிய நகரங்களுக்குள் வெளிறிப் போனார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் கண்டது. இந்நிலையில் வெயில் மருந்தாயிற்று. டென்மார்க்கின் ஃபின்சன், தோலில் வரும் ஒருவகைக் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லேசான் என்ற மலையூரில் ரோலியர் என்ற மருத்துவர் வெயில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிரால் ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளைத் தேற்றினார். தோலில் ‘பி’ கதிர் பட்டு வைட்டமின் டி உண்டாவதே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளங்கியது.

இவை யாவும் மெய்யான கண்டுபிடிப்புகள். ஆனால் பொதுமக்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ‘எவ்வளவு கறுக்கிறோமோ அவ்வளவு ஆரோக்கியம்’ என்பது! 1920-களில் கடற்கரைக்குப் போய்க் கறுத்து வருவது நாகரிகமாயிற்று. பாரிஸ் நகரின் ஆடையலங்கார நிபுணர் கோகோ ஷனேல் ஒரு கப்பல் பயணத்திலிருந்து கறுத்துத் திரும்பியதுதான் தொடக்கம் என்று ஒரு கதையும் உண்டு. தொழிற்சாலைக்குள் அடைபட்டவனுக்குக் கிடைக்காத ஓய்வு எனக்குக் கிடைத்தது என்று காட்டும் சின்னமாகிவிட்டது அந்த நிறம். வெயில் போதாத ஊர்களில் புற ஊதா விளக்குப் படுக்கைகளில் காசு கொடுத்துப் படுத்துக் கறுத்தார்கள். இந்தப் படுக்கைகளை 2009-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருப்பதும் அதே பிரிவில்தான்.

இதற்குப் பெருவிலை கொடுத்த நாடு ஆஸ்திரேலியா. பிரிட்டனின் மங்கல் வெயிலுக்கு ஏற்ற தோல், ஏறத்தாழ 27 பாகைத் தென் அட்சரேகையில் உள்ள பிரிஸ்பேனில் குடியேறினால் என்னவாகும்? போதாக்குறைக்குச் சனவரித் தொடக்கத்தில், அதாவது அவர்களது கோடையில், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. சூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கதிர்வீச்சு கூடுதல். மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படுவது அங்கும் அண்டை நாடான நியூசிலாந்திலும்தான். 1981-இல் ஒரு கடற்பறவை பாட்டுப் பாடி, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று சொல்லும் விளம்பரம் அங்கே தொலைக்காட்சியில் வந்தது. ஒரு தலைமுறையின் வழக்கத்தையே அது அசைத்தது.

களிம்பு மெய்யாகவே பயன்படுகிறதா என்பதையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்ற ஊரில் 1,621 பேரை 1992-இல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நாள்தோறும் களிம்பு பூசச் செய்தனர். மற்றவர் விருப்பப்படி விட்டுவிட்டனர். நான்கரை ஆண்டு இப்படி நடந்தது. பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது மெலனோமாவும் பாதியாகியிருந்தது. 2016 தொடக்கத்துக்குள் அந்நாட்டின் மாநிலங்கள் வணிக முறையிலான விளக்குப் படுக்கைகளைத் தடைசெய்துவிட்டன. என் தங்கை மகனின் தொப்பிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அவன் பிறப்பால் நம் தோல்காரன். ஆனால் பள்ளி விதி எல்லோருக்கும் ஒன்று.

கறுக்க அஞ்சுகிறவர்கள்

நம் ஊரில் நிலைமை தலைகீழ். வயல் வெயிலோடு கறுப்பை முடிச்சுப் போட்ட அந்தப் பழைய எண்ணம் நம்மிடம் மாறவே இல்லை. முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொன்ன களிம்பு 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீங்குவதற்கு 2020 வரை ஆயிற்று. சிலர் விற்கும் வெளுப்புப் பூச்சுகளில் பாதரச உப்பும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெலனினைக் குறைப்பதற்காக ஒருவர் நஞ்சைத் தடவிக்கொள்கிறார் என்றால், தன் குடையைக் கிழிக்கத் தானே கூலி கொடுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மெலனின் நமக்கு முழுக் கவசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. தோல் புற்றுநோய் நம்மிடம் மிகவும் குறைவு, உண்மை. ஆனால் கண்ணுக்கு அந்தக் குடை இல்லை. பல்லாண்டுப் புற ஊதா கண்புரையை விரைவுபடுத்தும். விளிம்புள்ள தொப்பி நெற்றியைவிடக் கண்ணுக்கே பெரிய உதவி. மற்றொன்று, வெயிலுக்கு அஞ்சி முற்றிலும் ஒதுங்கினால் வைட்டமின் டி குறையும். வெயில் கொட்டும் நம் நாட்டில் பல ஆய்வுகள் இந்தக் குறைவை மிகுதியாகக் கண்டிருக்கின்றன. ‘விடிகாலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி’ என்பார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ‘பி’ கதிர் மிகக் குறைவு என்பதால் அதில் கிடைப்பதும் சொற்பமே. முற்பகல் இடைவேளையில் கையும் காலும் வெயில்பட விளையாடும் சில நிமிடங்கள் அதைவிட மேல்.

இவ்வளவையும் அண்ணியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீங்க சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. கறுத்துப் போனா நாளைக்கு இவளை யார் கட்டிக்குவா?” என்றார். இயற்பியலில் அதற்கு விடை இல்லை. விடை தெரிந்தவன்போல் நான் பேசியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அவருக்குத் திருமணத்தின்போது யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கேட்டேன். “அண்ணி, பிள்ளை ஓடுவது எத்தனை மணிக்கு?” காலையில் ஆறரை முதல் எட்டு வரை, மாலையில் நாலு முதல் ஐந்தரை வரை. “அந்த நேரத்து வெயிலில் எவ்வளவு சரக்கு இருக்கிறதென்று அவளையே அளந்து பார்க்கச் சொல்வோமே.”

குச்சியும் நிழலும்

ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கில் குச்சியை மணல் நிரப்பிய வாளியில் நிமிர்த்தி, மணலுக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் தெரியும்படி மொட்டைமாடியில் வைத்தோம். மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. அவள் நிழலை அளந்தாள். பையன் நோட்டில் எழுதினான். காலை 8 மணிக்கு 3 மீட்டர். 9 மணிக்கு 1 மீட்டர் 67 சென்டிமீட்டர். 10 மணிக்கு 1 மீட்டர் 10. 11 மணிக்கு 80 சென்டிமீட்டர். 12-20க்கு 66, அதற்குமேல் குறையவில்லை. மாலை 4 மணிக்கு 2 மீட்டர். 5 மணிக்கு 4 மீட்டரைத் தாண்டிவிட்டது.

பத்தாம் வகுப்பில் உள்ளவர்கள் இதிலிருந்து சூரியனின் ஏற்றக் கோணத்தைக் கண்டுவிடலாம். குச்சியின் உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது அக்கோணத்தின் டேன்ஜென்ட். நிழலும் குச்சியும் சமமானால் 45 பாகை. நிழல் இரு மடங்கானால் ஏறத்தாழ 26½ பாகை. சூரியன் உச்சியில் இருக்கும்போது கதிர் கடந்துவரும் காற்றின் அளவை 1 என்று கொண்டால், 26½ பாகையில் அது 2¼ ஆகிறது. சாய்ந்து விழுவதால் ஒரே கதிர் கூடுதல் பரப்பில் பரவவும் செய்கிறது. புற ஊதா வெளிச்சத்தைவிட வேகமாகக் குறைவதற்குக் காரணம், காற்றும் ஓசோனும் அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுவதே. வானம் தெளிந்த நாளில் 45 பாகையில், உச்சிநேர அளவில் பாதிக்கும் குறைவாகவே கன்றச்செய்யும் கதிர் மிஞ்சும்; 26½ பாகையில் ஆறு, ஏழில் ஒரு பங்குதான். மாலை 4 மணிக்கு வெயில் சுள்ளென்று உறைக்கும், மைதானம் அனலாக இருக்கும். ஆனால் கறுக்கச் செய்யும் கதிர் பெரும்பாலும் போய்விட்டது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது ஒரே கணக்கு: உங்கள் நிழல் உங்களைவிட நீளமா, குட்டையா? நீளமானால் அஞ்ச வேண்டியதில்லை. குட்டையானால் குடையோ தொப்பியோ மரநிழலோ தேடுங்கள். மெல்லிய வெள்ளைத் துணியைவிட அடர்ந்து நெய்த கறுப்புத் துணி நன்றாகத் தடுக்கும். நம் பகுதியில் டிசம்பர் கடைசியில் நிழல் குட்டையாக இருப்பது ஏறத்தாழ காலை 10-15 முதல் பிற்பகல் 2-20 வரை. மே மாதத்தில் அது 9-15 முதல் 3-20 வரை நீள்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்து குச்சியின் நிழல் அறவே மறையும் நாளும் வத்தலக்குண்டுக்கு உண்டு. வானிலை அறிக்கைகளில் வரும் புற ஊதாக் குறியீட்டு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 1992-இல் கனடாவில் தொடங்கிய அளவீடு அது. 3-க்கு மேல் போனால் காப்பு தேவை, 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை. தமிழ்நாட்டுக் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். குச்சிக்கு வானிலை அறிக்கைகூட வேண்டாம்.

களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேல் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். எண் 15 என்றால் கன்றச்செய்யும் கதிரில் 15-இல் ஒரு பங்கு உள்ளே போகும். 30 என்றால் 30-இல் ஒரு பங்கு. அதாவது தடுப்பது 93-இலிருந்து 97 சதவீதமாகிறது. எண் இரட்டித்தால் காப்பும் இரட்டிக்கும் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டாதீர்கள். மேலும் அந்த எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடிமனாகப் பூசிச் சோதித்தது. நாமெல்லாம் பூசுவது அதில் பாதி இருந்தால் அதிகம்.

அண்ணி மொட்டைமாடிக்கு வரவில்லை. ஆனால் இரவில் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். 4 மணிக்கு எதிரே இருந்த எண்ணை இருமுறை கேட்டார். “அப்போ காலையிலயும் சாயங்காலமும் ஓடட்டும். மத்தியானம் வெளியே தலை காட்டக் கூடாது” என்றார். பெயரை வெட்டும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

பையன் ஊருக்குத் திரும்பும்போது தன் தொப்பியை அவளிடம் விட்டுப்போனான். அந்தப் பிப்ரவரியில் நடந்த விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம் முற்பகல் 11-20க்கு வைக்கப்பட்டிருந்தது. ஓடுகளத்துக்கு அழைக்கும்வரை அவள் அந்தத் தொப்பியோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் தொப்பியை அண்ணியின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணி அதை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்.